போர்ட்ஃபோலியோ 22% கீழே: எஸ்ஐபியை நிறுத்துவதா, இருப்பதை விற்பதா?

எறும்பு:
வணக்கம். நான்கு வருடமாக முதலீடு செய்து வருகிறேன். மூன்று பங்கு ஃபண்டுகளில் மாதத் தவணை (எஸ்ஐபி) போகிறது. தனியாக ஐந்து நிறுவனங்களின் பங்குகளும் இருக்கின்றன. கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய சரிவைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. ஏழே வாரத்தில் மொத்த மதிப்பு உச்சத்திலிருந்து 22% இறங்கிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்க்கிறேன். வேலையில் கவனம் நிற்பதில்லை.

சந்தை தெளியும்வரை எஸ்ஐபியை நிறுத்திவைக்கலாமா? அல்லது எல்லாவற்றையும் இப்போதே விற்றுவிட்டு, இன்னும் இறங்கியபின் வாங்கலாமா? அந்த ஐந்து பங்குகளில் ஒன்று மட்டும் 60% விழுந்துவிட்டது. அதில் இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்வது, அதாவது சராசரி வாங்கிய விலையைக் குறைப்பது, சரியா? சரிவுகளைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிதானம்:
எறும்பு, பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான பணம் சந்தைக்கு வெளியே தனியாக இருக்கிறதா? கடன் வாங்கி எதையாவது வாங்கியிருக்கிறீர்களா? இந்த 22% இறங்கியிருக்கும் பணத்தில் எவ்வளவு, எந்த மாதத்தில் வேண்டும்?

மூன்றாவதுதான் முக்கியம். சந்தை எங்கே போகும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் பணம் என்றைக்கு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்த அந்த விஷயத்திலிருந்து தொடங்குவோம்.

புதுவரவு:
நான் போன வாரமே முழுவதையும் விற்றுவிட்டேன். 17% நஷ்டம். விற்ற அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த வாரம் இரண்டு நாள் நன்றாக ஏறியது. இப்போது தூக்கம் மறுபடியும் போய்விட்டது. திரும்ப எப்போது உள்ளே போவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப்பிள்ளை:
புதுவரவு, உங்கள் கேள்வியிலேயே எறும்பின் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இருக்கிறது. விற்று வெளியே வருவது ஒரு முடிவு, திரும்ப உள்ளே போவது இன்னொரு முடிவு. இரண்டும் சரியாக அமைந்தால்தான் லாபம். முதல் முடிவை பயம் எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டாவதை எடுத்துக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் சந்தை திரும்பும் நேரத்தில் செய்திகள் இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை சுமார் 34% விழுந்தது. மறுநாளே, மார்ச் 24 அன்று, ஒரே நாளில் 9 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அன்றைக்கு உலகத்தில் பாதி நாடுகள் கதவடைத்துக் கிடந்தன, நல்ல செய்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆகஸ்டு 18-ல் பழைய உச்சத்தைக் கடந்துவிட்டது. 2025 ஏப்ரலில் இறக்குமதி வரி அறிவிப்பு வந்தபோது இரண்டு நாளில் 10 சதவீதத்துக்கு மேல் போனது, அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 9 அன்று, ஒரே நாளில் 9.5% திரும்பியது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2008 அக்டோபர் 13, 28 ஆகிய இரண்டு நாட்களிலும் அதே குறியீடு ஒவ்வொரு நாளும் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதைப் பார்த்து "முடிந்துவிட்டது" என்று நினைத்தவர்கள் 2009 மார்ச் வரை இன்னும் கீழே போவதைப் பார்த்தார்கள். ஆக, பெரிய ஏற்றம் வந்தால் சரிவின் அடிமட்டம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய இறக்க நாட்களும் பெரிய ஏற்ற நாட்களும் ஒட்டி ஒட்டியே வருகின்றன, ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடிப்பது நடைமுறையில் முடிவதில்லை. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

நீங்கள் எப்படி உள்ளே போவது என்பதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எறும்பு:
நிதானம் ஐயா, கேட்டதற்குப் பதில். ஐந்து மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கிறது. கடன் எதுவும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் சங்கடமாக இருக்கிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்க வேண்டியது. இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, தேதி தள்ளிப்போகாது. சந்தை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அதையும் பங்கு ஃபண்டிலேயே விட்டுவைத்தேன். மீதி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது பதினைந்து வருடத்துக்குத் தேவையில்லை.

நிதானம்:
நீங்கள் இதை எழுதியது நல்லதாகப் போயிற்று. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த மூன்றில் ஒரு பங்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முழு போர்ட்ஃபோலியோவும் ஆபத்தில் இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் உண்மையில் ஆபத்தில் இருப்பது தேதி குறித்துவிட்ட பணம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை, சுமார் பதினேழு மாதம், எஸ் அண்ட் பி 500 மொத்தம் 57% விழுந்தது. பழைய உச்சத்தை மறுபடி தொட்டது 2013 மார்ச்சில். அந்தக் காலத்தில் எனக்கும் ஒரு தேதி இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு பெரிய தொகை கட்டியாக வேண்டும், அந்தப் பணம் முழுக்க ஃபண்டில் இருந்தது. "விற்காதவரை அது நஷ்டமே இல்லை" என்று என்னிடம் பலர் சொன்னார்கள். அதை நம்பி 20% இறக்கத்தில் விற்காமல் விட்டேன். கடைசியில் தேதி வந்தது, பாதிக்கும் குறைவான மதிப்பில் விற்றேன். சந்தை பிறகு திரும்பியது உண்மைதான். ஆனால் என் பணம் அப்போது அதில் இல்லை.

விற்காதவரை நஷ்டமில்லை என்பது, விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு மட்டும் பாதி உண்மை. தேதி உள்ளவருக்கு அது பொய். இன்றைக்கு உங்கள் ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, எவ்வளவோ அதுதான் உங்கள் பணம், வாங்கிய விலை சந்தைக்குத் தெரியாது.

அதனால் வீட்டுப் பணத்தை வெளியே எடுங்கள் என்பதே என் கருத்து. 22% நஷ்டத்தில் எடுப்பது வலிக்கும். ஆனால் கேள்வியை இப்படித் திருப்பிப் பாருங்கள்: அந்தத் தொகை இன்று ரொக்கமாக உங்கள் கையில் இருந்தால், பதினான்கு மாதத்தில் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொண்டுபோய் இன்று பங்கு ஃபண்டில் போடுவீர்களா? போடமாட்டீர்கள் என்றால், அங்கே விட்டுவைப்பதும் அதே செயல்தான்.

மீதி மூன்றில் இரண்டு பங்கில் கை வைக்காதீர்கள். எஸ்ஐபியையும் நிறுத்தாதீர்கள்.

புதுவரவு:
ஐயா, எஸ்ஐபியை ஏன் நிறுத்தக்கூடாது? இறங்குகிற இடத்தில் மாதாமாதம் பணத்தைப் போடுவது கிணற்றில் போடுவது மாதிரி இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
கைக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபண்டின் விலை முதல் மாதம் 100, இரண்டாம் மாதம் 80, மூன்றாம் மாதம் 50. மூன்று மாதமும் தலா 100 போடுகிறீர்கள். கிடைக்கும் யூனிட்டுகள் 1, 1.25, 2. ஆக மொத்தம் 300 போட்டு 4.25 யூனிட். சராசரி வாங்கிய விலை 70.6. அந்த மூன்று விலைகளின் சராசரியோ 76.7. விலை 75-க்குத் திரும்பினாலே உங்களுக்கு 6% லாபம். 100-க்குத் திரும்ப வேண்டியதில்லை. நிறுத்தினால் நீங்கள் இழப்பது 50-ல் வாங்கிய அந்த இரண்டு யூனிட்டைத்தான்.

ஆனால் இதில் பலர் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. முதலீடு தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவருக்குத்தான் தவணை இப்படி வேலை செய்யும். பத்து வருடமாகப் போடுகிறவருக்கு ஏற்கனவே 120 தவணை சேர்ந்திருக்கிறது. சரிவில் போடுகிற ஐந்தாறு தவணை அந்த மலையை அசைக்காது. அவருக்கு எஸ்ஐபி பாதுகாப்பு தராது. பங்கு எவ்வளவு, கடன் பத்திரம் எவ்வளவு என்ற பிரிப்புதான் தரும். எறும்புக்கு நான்கு வருடம்தான் ஆகிறது, பதினைந்து வருடம் பாக்கி. அவருக்கு இந்தச் சரிவு கெட்ட காலத்தில் வரவில்லை.

மாலைநேரம்:
உங்கள் பேச்சைப் படித்துக்கொண்டு வருகிறேன். நான் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இனிமேல் தவணை போடப் போவதில்லை, மாதாமாதம் எடுக்கத்தான் போகிறேன். எழுபது சதவீதம் பங்கு ஃபண்டுகளில் இருக்கிறது. எல்லோரும் "பொறுமையாக இருங்கள், திரும்பும்" என்கிறார்கள். பொறுமையாக இருந்தால் எனக்கு மாதச் செலவுக்கு யார் தருவார்கள்?

கணக்குப்பிள்ளை:
அம்மா, அல்லது ஐயா, நீங்கள் கேட்டது இங்கே எழுந்த கேள்விகளிலேயே கனமானது. உங்கள் பயத்துக்குக் கணக்கு ஆதாரம் இருக்கிறது.

இரண்டு பேர் தலா 100 வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருட வரவு ஒருவருக்கு முதலில் 30% இறக்கம், பிறகு 15% ஏற்றம், பிறகு 25% ஏற்றம். இன்னொருவருக்கு அதே மூன்றும் தலைகீழ் வரிசையில். பணம் எடுக்காமல் விட்டால் இருவரிடமும் கடைசியில் இருப்பது ஒரே தொகை, 100-க்குச் சற்று மேல். இப்போது இருவரும் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 5 எடுக்கிறார்கள். முதலிலேயே இறக்கம் கண்டவரிடம் மூன்று வருடம் கழித்து 82 மிஞ்சும். கடைசியில் இறக்கம் கண்டவரிடம் 88. சராசரி வரவு ஒன்றுதான், எடுத்த தொகையும் ஒன்றுதான். வரிசை மட்டும் வேறு. இருபது வருடத்துக்கு நீட்டினால் இந்த வித்தியாசம் ஒருவருக்குப் பணம் தீர்ந்துபோவதற்கும் இன்னொருவருக்கு மிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடும்.

ஓய்வுக்கு அப்புறம் வரும் முதல் ஐந்தாறு வருடம்தான் இதில் ஆபத்தான காலம். விழுந்த விலையில் யூனிட்டை விற்றுச் சாப்பிட்டால், ஏறும்போது ஏறுவதற்கு அந்த யூனிட்டே இருக்காது.

நிதானம்:
மாலைநேரம், இதை இன்றே முழுவதுமாகச் சரிசெய்ய முடியாது, ஆனால் இன்று தொடங்கலாம். உங்களிடம் முப்பது சதவீதம் பங்கு அல்லாத முதலீடு இருக்கிறது இல்லையா, மாதச் செலவை அதிலிருந்து மட்டும் எடுங்கள். அது எத்தனை வருடச் செலவுக்கு வரும் என்று கணக்குப் போடுங்கள். ஐந்து வருடம் வந்தால் பங்குக்கு ஐந்து வருட அவகாசம் கிடைக்கிறது. இரண்டு வருடம்தான் வரும் என்றால் நிலைமை வேறு. அப்போது எடுக்கும் தொகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பார்ப்பதும், பங்கில் ஒரு பகுதியை இப்போதே மாற்றுவதும் தேவைப்படலாம். அந்த எண்ணைச் சொல்லுங்கள், அதற்கு முன் எதையும் விற்கவேண்டாம்.

ஐயம்:
எல்லோரும் ஒரு விஷயத்தை நிச்சயம் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். சந்தை கட்டாயம் திரும்பும் என்று யார் சொன்னது? ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915-ல் நின்றது. அந்த இடத்தைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம். 1929-ல் உச்சத்தில் இருந்த அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலைக்குள் 89% விழுந்தது, பழைய இடத்துக்கு வந்தது 1954 நவம்பரில். அங்கேயே நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் விழத் தொடங்கி 78% போனது, திரும்பியது 2015-ல். 2020-ஐ மட்டும் பார்த்துப் பழகியவர்கள் ஐந்து மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பதினைந்து வருடம் பொறுத்தும் திரும்பாத சந்தை இருந்திருக்கிறது.

நிதானம்:
ஐயம், நீங்கள் சொன்ன எண்கள் சரி, யாராவது இதைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

அந்தக் குறியீடுகளில் டிவிடெண்ட், அதாவது நிறுவனங்கள் பிரித்துத் தரும் லாபம், சேராது. டிவிடெண்டையும் திரும்பப் போட்டவருக்குக் காத்திருப்பு அதைவிடக் குறைவு. அப்புறம், 34 வருடம் என்பது 1989 டிசம்பரில் தன் முழுப் பணத்தையும் ஒரே நாளில் போட்டவரின் கதை. பல வருடம் பிரித்துப் போட்டவர்கள் பெரும்பகுதியை அதைவிட மிகக் குறைந்த விலையில்தான் வாங்கியிருப்பார்கள்.

ஆனாலும் ஜப்பான் சொல்லும் பாடத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு நாடு, ஒரு துறை, ஒரு குறியீடு என்று எதற்கும் திரும்பியே ஆகவேண்டிய கடமை கிடையாது. எண்பதுகளின் முடிவில் ஜப்பானில் பங்கு விலை நிறுவனங்களின் லாபத்தை விட்டு வெகுதூரம் போயிருந்தது. பணத்தில் ஒரு பங்காவது வேறு நாடுகளில் பரவியிருக்க வேண்டும், ஒரு பகுதி பங்குச் சந்தைக்கே வெளியில் இருக்க வேண்டும். "பதினைந்து வருடம் தேவையில்லை" என்று எறும்பு சொன்னாலும், பத்தாவது வருடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவரத் தொடங்க வேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம்.

ஆழஉழு:
நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். அகல உழுவதை விட ஆழ உழு என்றுதான் நம் பெரியவர்கள் சொன்னார்கள். நாற்பது நிறுவனத்தில் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பவன் எதிலும் சம்பாதிப்பதில்லை. அமேசான் 1999 டிசம்பர் உச்சத்திலிருந்து 2001-க்குள் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அன்று பயப்படாமல் வாங்கிச் சேர்த்தவர் இன்று எங்கே இருக்கிறார்? எறும்பு, உங்கள் 60% விழுந்த பங்கில் நம்பிக்கை இருந்தால் இப்போதுதான் வாங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஆழ உழுவது நிலம் நம்முடையது என்று தெரிந்தால். அமேசானோடு சேர்ந்து அதே காலத்தில் 90% விழுந்து, அப்புறம் காணாமலே போன நிறுவனங்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. பிழைத்து வந்ததை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் பங்கு 2000-ல் 90 டாலர். 2001 டிசம்பரில் திவால் மனு. 80 டாலரில் ஆவரேஜ் செய்தவரும், 40-ல் செய்தவரும், 10-ல் செய்தவரும் எல்லாவற்றையும் இழந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் ஓய்வுகாலச் சேமிப்பில் பாதிக்கும் மேல் அதே நிறுவனப் பங்காகவே இருந்தது. சம்பளமும் போனது, சேமிப்பும் போனது. இதை எப்போது நினைத்தாலும் மனது கனத்துப்போகிறது. உங்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் பங்கை நிறைய வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

திவாலாகாத நிறுவனத்துக்கும் உதாரணம் இருக்கிறது. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ 2000 மார்ச்சில் 80 டாலர் அளவில் இருந்தது. நிறுவனம் நன்றாகவே நடந்தது, வருமானம் வளர்ந்தது. ஆனால் இருபது வருடம் கழித்தும் பங்கு அந்த விலையைத் தொடவில்லை. நல்ல நிறுவனம் என்பது ஒன்று, என்ன விலைக்கு வாங்கினோம் என்பது இன்னொன்று.

ஒரு குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களையும் வாங்கும் குறியீட்டு ஃபண்டில் ஆவரேஜ் செய்வதும் தனிப்பங்கில் செய்வதும் ஒன்றல்ல. குறியீட்டில் ஒரு நிறுவனம் செத்தால் அதை எடுத்துவிட்டு இன்னொன்றை உள்ளே கொண்டுவருவார்கள். தனிப்பங்குக்கு அப்படி மாற்று ஏற்பாடு கிடையாது. 60% விழுந்த பங்கு பழைய இடத்துக்கு வர 150% ஏற வேண்டும். எறும்பு, விலையை மூடி வைத்துவிட்டு, அந்தப் பங்கை எதற்காக வாங்கினீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். அப்புறம் கடைசி இரண்டு காலாண்டு அறிக்கையை எடுத்து, அந்தக் காரணங்கள் இன்னும் நிற்கின்றனவா என்று பாருங்கள். குறிப்பாகக் கடன் எவ்வளவு, தொழிலிலிருந்து ரொக்கம் வருகிறதா என்பதை. காரணம் நின்றால் வைத்திருங்கள், மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் உடைந்திருந்தால் 60% இறங்கியிருப்பது வைத்திருப்பதற்கான காரணம் ஆகாது.

ஆழஉழு:
என்ரான் உதாரணம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வரி எழுதி, அறிக்கை படித்து, காரணம் நிற்கிறது என்றால் அதுவும் ஆழ உழுவதுதானே. படிக்காமல் பரவலாக வாங்குவதை நான் இன்னும் ஏற்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
படிக்க நேரமும் மனமும் இருப்பவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இல்லாதவருக்குத்தான் குறியீட்டு ஃபண்டு. ஜான் போகல் 1976-ல் பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு ஃபண்டை அமெரிக்காவின் வேன்கார்டு நிறுவனத்தில் தொடங்கியதே அவர்களுக்காகத்தான்.

கரையோரம்:
நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கடன் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வருடம் தரகு நிறுவனத்தின் மார்ஜின் வசதியில் வாங்கினேன். என் பணம் 100, அவர்கள் பணம் 100. பங்கு 25% விழுந்தது. 200 என்பது 150 ஆனது. கடன் 100 அப்படியே நிற்கிறது. என்னுடையது 50. அதாவது சந்தைக்குக் கால் பங்கு நஷ்டம், எனக்குப் பாதி. கூடுதல் பணம் கட்டச் சொல்லிச் செய்தி வந்தது, மறுநாள் காலைக்குள் என்னால் புரட்ட முடியவில்லை. அவர்களே விற்றுவிட்டார்கள். மூன்று வாரத்தில் அந்தப் பங்கு பழைய விலைக்குத் திரும்பியது.

என் கணிப்பு தப்பவில்லை. இருந்தும் பணம் போனது. கடனில் வாங்கினால் எப்போது விற்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. வீட்டில் இதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

நிதானம்:
கரையோரம், எழுதியதற்கு நன்றி. வீட்டில் சொல்லிவிடுங்கள். தாமதமாகத் தெரிந்தால் இன்னும் அதிகமாக வலிக்கும், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டு மடங்கு ஏற்றம் தரும் ஃபண்டுகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், கடன் இல்லை என்று நினைத்து வாங்குகிறார்கள். குறியீடு 100-லிருந்து ஒருநாள் 90 ஆகி, மறுநாள் 100-க்கே திரும்புகிறது. இரண்டு மடங்கு ஃபண்டு 100-லிருந்து 80 ஆகி, 97.8-க்குத்தான் வரும். குறியீடு நஷ்டமில்லாமல் நிற்கும்போது ஃபண்டுக்கு 2% போய்விட்டது. இப்படி மேலும் கீழும் ஆடும் சந்தையில் ஒரு மாதம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஐயம்:
ஸ்டாப் லாஸ், அதாவது குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் உத்தரவு, போட்டு வைத்தால் இந்தக் கவலை இல்லையே என்பார்கள். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்டது. அந்தச் சில நிமிடத்தில் சில பெரிய நிறுவனங்களின் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கூட கைமாறியது. விலை தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்கும் ஸ்டாப் லாஸ், நீங்கள் குறித்த விலைக்கு உத்தரவாதம் தராது.

மாலைநேரம்:
நிதானம் ஐயா கேட்ட எண்: நான்கரை வருடச் செலவு வரும். ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். அந்த முப்பது சதவீதம் இருப்பது கடன் பத்திர ஃபண்டில். பாதுகாப்பானது என்று சொல்லித்தான் வாங்க வைத்தார்கள். அதுவும் இறங்குமா?

கணக்குப்பிள்ளை:
நான்கரை வருடம் நல்ல எண். மூச்சு விடலாம்.

வட்டி ஏறினால் கடன் பத்திர ஃபண்டும் இறங்கும். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து வருட முடிவுக்குள் 4.25-4.5 சதவீதத்துக்கு ஏற்றியது. பங்கும் விழுந்தது, கடன் பத்திரமும் விழுந்தது. அமெரிக்கக் கடன் பத்திரச் சந்தையின் பரந்த குறியீடே அந்த ஒரு வருடத்தில் சுமார் 13% இழந்தது. பங்கு விழுந்தால் பத்திரம் தாங்கும் என்ற நம்பிக்கை அந்த வருடம் பலிக்கவில்லை.

உங்கள் ஃபண்டின் மாதத் தகவல் தாளில் டியூரேஷன் என்று ஒரு எண் இருக்கும். அது 7 என்றால், வட்டி ஒரு சதவீதம் ஏறினால் ஃபண்டு ஏறக்குறைய 7% இறங்கும் என்று பொருள். 1 என்றால் 1%தான். செலவுக்கான பணத்துக்கு அந்த எண் சிறியதாக இருக்க வேண்டும். அடுத்து, உள்ளே என்ன பத்திரம் இருக்கிறது என்று பாருங்கள். அரசுப் பத்திரமா, அதிக வட்டிக்காக வாங்கிய பலவீனமான நிறுவனப் பத்திரமா? 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. அதன் பத்திரத்தை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்டின் மதிப்பு மறுநாளே ஒரு டாலரிலிருந்து 97 சென்ட்டாக இறங்கியது. ரொக்கத்துக்குச் சமம் என்று எல்லோரும் நம்பிய ஃபண்டு அது.

மாலைநேரம்:
பார்த்துவிட்டேன். டியூரேஷன் 6.2. பெரும்பாலும் அரசுப் பத்திரம். அடுத்த இரண்டு வருடச் செலவை மட்டும் குறுகிய காலப் பத்திர ஃபண்டுக்கும் வங்கி வைப்புக்கும் மாற்றலாம் என்று தோன்றுகிறது. நான் அம்மாதான், கணக்குப்பிள்ளை தம்பி.

கணக்குப்பிள்ளை:
சரியான முடிவு, அம்மா. வெளியேறும் கட்டணமும் வரியும் எவ்வளவு என்று மட்டும் மாற்றுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

எறும்பு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

வீட்டுப் பணத்தை எடுத்துவிட்டேன். கையில் வந்த தொகை நான் நினைத்திருந்ததைவிடக் குறைவு, அந்த வித்தியாசத்தைப் பதினான்கு மாதச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்க முடியும் என்று கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன். எஸ்ஐபி அப்படியே போகிறது.

60% விழுந்த பங்கைப் பற்றி மூன்று வரி எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை. யாரோ சொன்னார்கள் என்பதற்காக வாங்கியது, வேறு காரணமே இல்லை. அறிக்கையில் கடன் இரண்டு வருடத்தில் இரட்டித்திருந்தது. விற்றுவிட்டேன். மற்ற நான்கில் இரண்டுக்கு மூன்று வரியும் எழுத முடிந்தது. மீதி இரண்டை இந்த வாரம் படிக்கிறேன். செயலியை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டேன், மாதம் ஒரு தடவை கணினியில் பார்த்துக்கொள்வேன்.

ஒரே ஒரு கேள்வி. பங்கு 60, பத்திரம் 40 என்று பிரித்துக்கொண்டால் சரிவில் அதை எப்படிக் காப்பது?

நிதானம்:
பங்கு 30% விழுந்தால் 60 என்பது 42 ஆகும். பத்திரம் 40. மொத்தம் 82-ல் பங்கு 51 சதவீதமாகச் சுருங்கியிருக்கும். 82-க்கு 60% என்றால் 49.2 இருக்க வேண்டும். அதாவது பத்திரத்திலிருந்து 7.2 எடுத்து விழுந்த பங்கில் போட வேண்டும். மனது ஒப்பாத நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் இப்போதே எழுதி வையுங்கள்: வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தேதி, அல்லது பிரிப்பு 5 புள்ளிக்கு மேல் விலகினால். உங்களுக்கு மாதத் தவணை இருப்பதால் பெரும்பாலும் எதையும் விற்காமல், புதுப் பணத்தைக் குறைந்த பக்கம் திருப்பினாலே போதும்.

புதுவரவு:
கணக்குப்பிள்ளை அண்ணா, என் கேள்வி பாக்கி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
மறக்கவில்லை. உங்கள் பணம் எந்தத் தேதியும் இல்லாத பணம் என்றால், ஆறாகப் பிரியுங்கள். ஆறு மாதம், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதி, ஒரு பரவலான குறியீட்டு ஃபண்டில். முழுவதையும் ஒரே நாளில் போடுவதுதான் சராசரியாக அதிக வரவு தரும் என்று கணக்குச் சொல்லும், ஏனென்றால் சந்தை இறங்கும் வருடங்களைவிட ஏறும் வருடங்கள் அதிகம். ஆனால் போட்ட மறுவாரம் 10% இறங்கினால் நீங்கள் மறுபடி விற்றுவிடுவீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் ஆறு.

புதுவரவு:
இடையில் சந்தை 15% ஏறிவிட்டால் மீதியைச் சீக்கிரம் போட்டுவிடலாமா? இறங்கினால் காத்திருக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டும் வேண்டாம். தேதியை வங்கியில் தானாகப் போகும்படி பதிவு செய்துவிடுங்கள். முதல் தவணை எந்தத் தேதி என்று இங்கே எழுதுங்கள்.

புதுவரவு:
பதிவு செய்துவிட்டேன். வரும் 7-ஆம் தேதி.